ஒரு காது மட்டும் மந்தமானால்



கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஆரணிக்குப் பேர் வாங்கித் தந்தவை பட்டும் அரிசியும். இரண்டுமே சத்தத்தோடு நடக்கும் தொழில்கள். ஒரு பக்கம் அரிசி ஆலைகள்; இன்னொரு பக்கம் கைத்தறியோடு விசைத்தறியும் ஓடும் தெருக்கள். அதனால் ஐம்பது வயதை நெருங்கும் ஒருவருக்குக் காது மந்தமானால் வீட்டில் யாரும் பதறுவதில்லை. "தறிச் சத்தம், வேறென்ன" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் உரக்கப் பேசப் பழகிக்கொள்கிறார்கள்.

பெரும்பாலும் அந்த ஊகம் சரியாகவே இருக்கும். சிலர் விஷயத்தில் மட்டும் அது தவறிவிடும். அவர்களுடைய செவிப்பறைக்குப் பின்னால், நடுக்காதுக்குள், புற்றுநோய் அல்லாத ஒரு கட்டி மெல்ல வளர்ந்துகொண்டிருக்கும். அந்த அபூர்வக் கட்டிகள் எவை, எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதே இன்றைய பேச்சு.

தறி கெடுக்கும் காதும் கட்டி கெடுக்கும் காதும்

சத்தம் காதைக் கெடுப்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஸ்காட்லாந்தில் டண்டி என்றொரு நெசவு ஊர். வங்காளத்திலிருந்து கப்பலில் வந்த சணலை நெய்தே வளர்ந்த ஊர் அது. அங்கே சணல் ஆலைகளில் பல்லாண்டுகள் தறி ஓட்டிய பெண்களின் செவித்திறனை வில்லியம் டெய்லரும் அவருடைய குழுவினரும் அளந்து, 1965இல் வெளியிட்டார்கள். தறிக்கூடத்தில் சத்தம் ஏறத்தாழ 100 டெசிபல். எட்டு மணி நேர வேலைக்கு இந்தியத் தொழிற்சாலை விதிகள் ஒப்புக்கொள்ளும் உச்ச அளவே 90 டெசிபல்தான்.

இத்தகைய சத்தம் உள்காதில் இருக்கும் நுண்ணிய உணர்செல்களைத் தேய்க்கிறது. முதலில் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சொலிகள் மங்கும். பேச்சில் ச, ஸ போன்ற ஒலிகள் பிடிபடாமல் போகும். "பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை" என்பார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல மற்ற ஒலிகளும் குறையும். இங்கே கவனிக்க வேண்டியது, தறி இரண்டு காதையும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் கெடுக்கும். சத்தம் அறை முழுவதும் நிறைந்திருக்கிறது. அது வலது இடது பார்ப்பதில்லை.

ஆகவே ஒரு காது மட்டும் மந்தமானால் பழியைத் தறி மேல் போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. அதோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. தறி நின்று, ஊர் அடங்கி, படுக்கையில் தலை சாய்த்ததும் அந்த ஒரு காதில் மட்டும் 'தப், தப்' என்று ஓர் ஒலி. அப்போது மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பார்க்க வேண்டும். காதில் கேட்கும் துடிப்பும் நாடியும் ஒன்றாக அடித்தால், அது சத்தத்தால் வரும் 'ஙொய்' என்ற இரைச்சலின் வகையைச் சேர்ந்தது அல்ல. ரத்த ஓட்டத்தின் ஒலி அது.

இதைக் கேட்டதும் கட்டிதான் என்று யாரும் பயந்துவிட வேண்டாம். ரத்தசோகை, உயர் ரத்த அழுத்தம், தைராய்டு மிகைச் சுரப்பு, கழுத்துத் தமனியில் அடைப்பு என்று நாடி ஒலிக்குப் பல காரணங்கள் உண்டு. கட்டி அவற்றில் ஒன்று. எது என்று தெரிந்துகொள்ளத்தான் மருத்துவரிடம் போவது.

இங்கே உட்கார்ந்தபடியே செய்து பார்க்கக்கூடிய சிறு சோதனை ஒன்றும் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் முனக வேண்டும். இரண்டு காதும் நன்றாக இருப்பவருக்கு ஒலி தலையின் நடுவில் கேட்கும். ஒரு காது மந்தமானவருக்கு அந்த மந்தமான காதிலேயே ஒலி ஓங்கிக் கேட்டால், கோளாறு வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல காதில் ஓங்கிக் கேட்டால், மந்தமான பக்கத்து உள்காதையோ நரம்பையோ பார்க்க வேண்டும். மருத்துவர் இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைத்துப் பார்க்கும் வெபர் சோதனையின் அடிப்படையும் இதுதான். ஒரு விரலால் காதை அடைத்துக்கொண்டு முனகினால் அந்தப் பக்கம் ஒலி கூடுவதை யார் வேண்டுமானாலும் உணரலாம்.

அந்தச் சிறிய அறை

செவிப்பறையின் விட்டம் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும். தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதற்குப் பின்னால் காற்று நிரம்பிய சிறிய அறைதான் நடுக்காது. சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்புகள் அதில் கோத்து நிற்கின்றன. மிதியை அழுத்தினால் கயிறும் கழியும் வழியே விழுது ஏறுவது போல, செவிப்பறையின் அசைவு இந்த மூன்று எலும்புகள் வழியாக உள்காதுக்குப் போகிறது. போகும் வழியில் ஒலியழுத்தம் ஏறத்தாழ இருபது மடங்கு கூடுகிறது. கடைசி எலும்பான அங்கவடி மூன்று மில்லிமீட்டர் உயரம்தான். மனித உடலில் அதைவிடச் சிறிய எலும்பு இல்லை.

அறை சிறிது, அக்கம்பக்கமோ ஆபத்தானது. முகத்தை அசைக்கும் நரம்பு இந்த அறையின் சுவருக்குள்ளேயே ஓடுகிறது. அடித்தளத்தின் கீழே மூளையிலிருந்து ரத்தத்தை இறக்கும் பெரிய சிரை. முன்சுவருக்கு அப்பால் மூளைக்கு ரத்தம் ஏற்றும் கரோட்டிட் தமனி. மேல்தளத்துக்கு மேலே மூளையின் உறை. இடையில் இருப்பது மெல்லிய எலும்புத் தகடுதான். புற்றுநோய் இல்லாத கட்டியையும் மருத்துவர்கள் இங்கே அலட்சியமாக விடாததற்கு இந்த அமைப்பே காரணம். உடலெங்கும் பரவாவிட்டாலும், இருந்த இடத்தில் வளர்ந்தே அது காதையும் முகத்தையும் குரலையும் கெடுத்துவிட முடியும்.

துடிக்கும் சிவப்பு

நடுக்காதில் தோன்றும் தீங்கற்ற கட்டிகளில் அதிகம் காணப்படுவது குளோமஸ் கட்டி. மருத்துவ நூல்கள் இன்று பாராகாங்லியோமா என்கின்றன. 1941இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஸ்டேசி கில்ட் என்ற ஆய்வாளர், காது எலும்பின் மெல்லிய சீவல்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, பெரிய சிரையின் குமிழை ஒட்டி அரை மில்லிமீட்டர் அளவேயுள்ள ரத்தநாள உடலங்கள் இருப்பதை விவரித்தார். அவை எதற்கு என்று அப்போது தெளிவாகவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1945இல், ஹாரி ரோசன்வாசர் என்ற அமெரிக்கக் காது மருத்துவர் நடுக்காதிலிருந்து எடுத்த ஒரு கட்டியைப் பற்றி எழுதினார். அதன் திசு, கழுத்தில் உள்ள கரோட்டிட் உடலத்தில் வரும் கட்டியைப் போலவே இருந்தது. கில்ட் கண்ட உடலங்களிலிருந்துதான் இந்தக் கட்டி முளைக்கிறது என்பது அப்படித் துலங்கியது.

கரோட்டிட் உடலம் ரத்தத்தில் பிராணவாயு குறைவதை உணர்ந்து மூச்சைக் கூட்டும் உறுப்பு. அந்தச் செயல்பாட்டை விளக்கியதற்காக பெல்ஜியத்தின் கார்னேய் ஹேமான்ஸ் 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். பிராணவாயு குறைந்த ஆண்டீஸ் மலையுச்சிகளில் வாழும் மக்களிடம் கரோட்டிட் உடலக் கட்டி கூடுதலாகக் காணப்பட்டதும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது.

நடுக்காதின் குளோமஸ் கட்டி எவ்வளவு அபூர்வம்? சிரைக் குமிழில் தொடங்கும் வகை, 13 லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவருக்கு வருவதாகக் கணக்கு. 2011 கணக்கெடுப்பில் ஆரணி நகரத்தின் மக்கள் 60,000க்குச் சற்று மேல். அந்த விகிதம் இங்கும் பொருந்தினால், இந்த ஊர் அளவுள்ள நகரத்தில் இருபது ஆண்டுக்கு ஒருவர். உள்ளூரில் வைத்தியம் பார்க்கும் மருத்துவர் தம் வாழ்நாளிலேயே ஒன்றோ இரண்டோதான் பார்த்திருப்பார், பார்க்காமலும் இருக்கலாம். நோயாளி தாமதமாக வருவதற்கும், வந்த பிறகு தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதற்கும் இந்த அபூர்வமே முதல் காரணம்.

ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம். பெரும்பாலும் நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள். பாவு புனைவதிலும் தறியிலும் பாதி வேலையைத் தாங்கும் பெண்கள் தங்கள் காதுக்காக ஆஸ்பத்திரிக்குப் போவதை எப்போதும் கடைசியாக வைத்துக்கொள்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காதுநோக்கியில் மருத்துவர் பார்க்கும் காட்சி இப்படி இருக்கும். நல்ல செவிப்பறை சாம்பல் கலந்த முத்து நிறத்தில் மினுங்கும். குளோமஸ் இருக்கும் காதில் செவிப்பறையின் கீழ்ப்பாதிக்குப் பின்னால் செக்கச் சிவந்த ஒரு திரட்சி தெரியும். உற்றுப் பார்த்தால் அது நாடியோடு சேர்ந்து துடிக்கும். மருத்துவர் ரப்பர் பந்து பொருத்திய குழாயைக் காதில் வைத்து மெதுவாக அழுத்துவார். காற்றழுத்தம் ஏறும்போது துடிப்பு கூடி, பிறகு சிவப்பு வெளுத்துப் போகும். அழுத்தத்தை விட்டதும் ரத்தம் திரும்பி மறுபடி சிவக்கும். பிரவுன் குறி என்று இதற்குப் பெயர். எல்லா நோயாளியிடமும் இது தெரியாது. தெரிந்தால் சந்தேகம் வலுக்கும்.

தொடுவதற்கு முன் படம்

உடலில் எங்கே கட்டி என்றாலும் ஒரு துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது வழக்கம். இங்கே அந்த வழக்கத்தை நிறுத்தி வைக்க வேண்டும். குளோமஸ் கட்டி ரத்தநாளங்கள் நிறைந்தது. கிள்ளினால் ரத்தம் கொட்டும். அதைவிட மோசமான நிலையும் உண்டு. சிலருக்குப் பிறவியிலேயே சிரைக் குமிழ் மேலேறி நடுக்காதுக்குள் நீலமாகத் தெரியும். மிகச் சிலருக்குக் கரோட்டிட் தமனியே வழி மாறி நடுக்காதில் சிவப்பாகத் தெரியும். அவற்றைக் கட்டி என்று நினைத்துக் குத்திவிட்டால் உயிருக்கே ஆபத்து.

எனவே முதலில் செவித்திறனை அளக்கும் ஆடியோகிராம், அடுத்து மெல்லிய வெட்டுகளாக எடுக்கும் சி.டி. ஸ்கேன், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. சிரைக் குமிழின் மேல் இருக்கும் எலும்புத் தகடு முழுசாக இருக்கிறதா, அரிக்கப்பட்டிருக்கிறதா என்பதை சி.டி. காட்டும். முழுசாக இருந்தால் கட்டி நடுக்காதுக்குள் அடங்கிய சிறு வகை. அரிக்கப்பட்டிருந்தால் கீழிருந்து ஏறி வந்த பெரிய வகை. சிகிச்சை முழுவதும் இந்த ஒரு தகட்டைப் பொறுத்து மாறுகிறது.

நூற்றில் ஒருவர் முதல் மூவர் வரையிலானோருக்கு, கட்டியே ரத்த அழுத்தத்தை ஏற்றும் சுரப்பை வெளியிடும். படபடப்பு, திடீர் வியர்வை, எகிறும் அழுத்தம் உள்ளவர்களுக்கு அறுவைக்கு முன்பே ரத்தம் அல்லது சிறுநீர்ச் சோதனையில் அதைக் கண்டுகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மயக்கமருந்து கொடுக்கும் நேரத்தில் சிக்கலாகும்.

வீட்டில் செய்யும் வைத்தியத்துக்கும் இதே எச்சரிக்கைதான். காதில் காய்ச்சிய எண்ணெய் விடுவது, கொண்டை ஊசியாலும் கோழி இறகாலும் குடைவது, தெருவில் வருகிறவரிடம் காதைக் காட்டிச் சுத்தம் செய்துகொள்வது எல்லாமே நல்ல காதுக்கே கேடு. உள்ளே ரத்தக்கட்டி இருக்கும் காதுக்கு அது பெரும் ஆபத்து.

எடுப்பதா, விட்டு வைப்பதா?

நடுக்காதுக்குள் அடங்கிய சிறு குளோமஸை, காதுத்துளை வழியாகவோ காதின் பின்புறம் கீறியோ, நுண்ணோக்கியின் கீழ் முழுதாக எடுத்துவிட முடியும். செவித்திறனையும் பெரும்பாலும் காப்பாற்றலாம். காது அறுவையில் நுண்ணோக்கியை முதன்முதலில் பயன்படுத்தியவர் ஸ்டாக்ஹோமின் கார்ல் நைலேன்; ஆண்டு 1921. அதற்கு முன் வெறுங்கண்ணால் இந்த அறைக்குள் நுழைந்தவர்களுக்கு முக நரம்பைக் காப்பாற்றுவதே பெரும்பாடாக இருந்தது.

பெரிய வகைக்கு ஏற்பாடுகளும் பெரியவை. அறுவைக்கு ஓரிரு நாள் முன்பு, தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்கு ரத்தம் ஊட்டும் நாளங்களை அடைத்துவிடுவார்கள். அதனால் அறுவையின்போது ரத்தச்சேதம் வெகுவாகக் குறையும். மண்டை ஓட்டின் அடித்தளத்துக்குள் போய் இத்தகைய கட்டிகளை எடுக்கும் வழியை 1970களின் பிற்பகுதியில் சூரிச்சின் ஊகோ ஃபிஷ் வகுத்தார். அவர் வகுத்த நிலைப் பிரிவுகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. இந்தப் பெரிய அறுவையில் விழுங்குவதையும் குரலையும் நாக்கையும் இயக்கும் நரம்புகள் பாதிக்கப்படும் வாய்ப்பு உண்டு. கட்டியைத் துளி விடாமல் எடுப்பதா, நரம்புகளைக் காப்பதா என்ற கேள்வி ஒவ்வொரு நோயாளியிடமும் எழுகிறது.

பொதுவாக இந்தக் கட்டி ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளர்கிறது. எழுபது வயதைக் கடந்தவருக்கு, தொந்தரவும் குறைவாக இருந்தால், ஆண்டுக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணிப்பதே போதுமானதாக இருக்கலாம். வளர்வது தெரிந்தால் துல்லியக் கதிர்வீச்சு கொடுப்பார்கள். கதிர்வீச்சு கட்டியைக் கரைத்து இல்லாமல் ஆக்குவதில்லை, வளராமல் நிறுத்துகிறது. "ஆபரேஷன் வேண்டாம், பார்த்துக்கொள்வோம்" என்று மருத்துவர் சொன்னால் அதைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது, கண்காணிப்பும் சிகிச்சைதான். ஆனால் மறு ஸ்கேனுக்குப் போகாமல் இருந்துவிட்டால் கண்காணிப்பு என்பதே இல்லை.

குடும்பத்தாருக்கும் இதில் பங்கு உண்டு. 2000ஆம் ஆண்டில் இந்தக் கட்டிகளின் பரம்பரை வகைக்குக் காரணமான ஒரு மரபணுக் குறை கண்டறியப்பட்டது. அதில் ஒரு விசித்திரம்: அந்தக் குறை தந்தை வழியாக வந்தால் கட்டி தோன்றுகிறது, தாய் வழியாக வந்தால் பெரும்பாலும் தோன்றுவதில்லை. கழுத்தில் கட்டி எடுத்துக்கொண்ட உறவினர் யாராவது உண்டா என்று மருத்துவர் கேட்பது இதற்காகத்தான். அத்தை, சித்தப்பா வரை யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். குளோமஸ் கட்டிகளில் மிகச் சிலவே வேறு இடங்களுக்குப் பரவும் குணம் காட்டுகின்றன. எடுத்த பிறகும் பல ஆண்டுகள் பரிசோதனை தொடர்வது அந்தச் சிலவற்றுக்காக.

மற்ற கட்டிகள்

முக நரம்பின் உறையில் வரும் ஸ்வானோமா இன்னும் அபூர்வம்; அது முகவாதமாக வெளிப்படலாம். முகவாதம் என்றால் பெரும்பாலும் ஒரே இரவில் வாய் கோணி, சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும் வகைதான். அது மெல்ல மெல்ல வாரக்கணக்கில் கூடினாலும், ஆறு மாதம் ஆகியும் துளியும் மீளாவிட்டாலும், அதே பக்கம் மறுபடி வந்தாலும், நரம்பின் பாதை முழுவதையும் ஸ்கேனில் பார்க்க வேண்டும். ஸ்வானோமா தெரிந்ததும் உடனே வெட்டுவதில்லை. கட்டியோடு நரம்பை வெட்டி, வேறிடத்து நரம்பை ஒட்டினாலும், முகம் பழையபடி முழுதாக அசைவதில்லை. ஆகவே ஹவுஸ், பிராக்மன் என்ற இரு மருத்துவர்கள் முக அசைவை அளக்க 1985இல் தந்த ஆறு படி அளவுகோலில் முகம் மூன்றாம், நான்காம் படிக்கு இறங்கும் வரை பலர் காத்திருக்கிறார்கள்.

அடினோமா இன்னொரு வகை. 1976இல்தான் இதைத் தனி நோயாக வரையறுத்தார்கள். இது துடிக்காது; சளி தேங்கிய காதைப் போலவே தோன்றி ஏமாற்றும். காது எலும்புகளைச் சுற்றிப் படர்ந்துகொள்வதால், கட்டியை மட்டும் எடுத்து எலும்புகளை விட்டுவைத்தால் திரும்ப முளைக்கலாம். படர்ந்த எலும்புகளையும் சேர்த்து எடுத்து, பிறகு குருத்தெலும்பாலோ டைட்டானியத்தாலோ செய்த மாற்று எலும்பைப் பொருத்துவார்கள்.

எச்சில் சுரப்பித் திசு வழி தவறி நடுக்காதில் இருப்பதும் உண்டு. முதல் பதிவு 1961. அது முக நரம்போடு ஒட்டியிருக்கும் என்பதால், இன்னதென்று உறுதியான பிறகு பெரும்பாலும் தொடுவதில்லை. எலும்புப் புடைப்பு, ரத்தநாளக் கட்டி, கொழுப்புக் கட்டி ஆகியவையும் நூல்களில் உள்ளன.

இவை எல்லாவற்றையும்விட நம் ஊர்களில் நூறு மடங்கு கவலைப்பட வேண்டியது கொலஸ்டியாடோமா. 1838இல் யோஹானஸ் முல்லர் என்ற ஆய்வாளர் கட்டி என்றே கருதிப் பெயரிட்டார். உண்மையில் அது இடம் மாறி உள்ளே வளரும் தோல். நாற்றமடிக்கும் சீழ் விடாமல் வடிவது அதன் அடையாளம். எலும்பை அரித்து மூளை வரை போகக்கூடியது. இதில் காத்திருப்பு என்ற பேச்சே இல்லை, பெரும்பாலும் அறுவைதான்.

எங்கே போவது?

முதல் படி ஆரணி அரசு மருத்துவமனை. காதை விளக்கு வைத்துப் பார்க்கும்படி கேட்பது நோயாளியின் உரிமை. சந்தேகம் வந்தால் வேலூர் சாலையில் அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, திருவண்ணாமலையிலும் ஒன்று. 1900இல் மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை இங்கிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இடம் உண்டு. எந்தச் சிகிச்சை அதில் அடங்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். போகும்போது பழைய ஆடியோகிராம், ஸ்கேன் படங்கள், சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போனால் ஒரு நடை மிச்சமாகும்.

அறுவைக்குப் பின் சில வாரங்கள் மூக்கை வேகமாகச் சிந்தக் கூடாது, காதில் தண்ணீர் படக் கூடாது, பளு தூக்கக் கூடாது. தறிக்கு எப்போது திரும்பலாம் என்பதை மருத்துவரே சொல்வார். திரும்பும்போது சத்தம் மிகுந்த கூடத்தில் காதடைப்பான் கட்டாயம். ஒரு காதில் அறுவை ஆனவருக்கு மறு காதுதான் மூலதனம்.

ஊருக்கு ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பணியாளர்கள் வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிலும் அவ்வப்போது மருத்துவ முகாம் நடக்கிறது. அங்கெல்லாம் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்கலாம்: ஒரு காது மட்டும் மந்தமா? அந்தக் காதில் நாடி போல ஒலி கேட்கிறதா? அந்தப் பக்கம் முகத்திலோ குரலிலோ மாற்றம் உண்டா? கேட்க ஒரு நிமிடம் கூட ஆகாது. ஒன்றுக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தாலும், காது மூக்கு தொண்டை மருத்துவருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்ப வேண்டும். இதைச் செய்துதருமாறு சங்க நிர்வாகிகளையும் சுகாதாரப் பணியாளர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.